மட்டம் பார்த்தல்

ஊர்ப் பெயரிலேயே பள்ளம் இருக்கிறது, பள்ளத்தூர்.
அதை எஸ்டிமேட்டில் எழுத முடியாது.
எண் கேட்பார்கள்.

ஆகவே காலை ஆறேகாலுக்கே வந்துவிட்டோம்:
மூன்று காலில் நிற்கும் கருவி,
இரண்டு காலில் நிற்கும் சேவுகன்,
ஐப்பசிக்குப் பதினொரு வாரம் முன்பே
பயந்துபோன நான்.

சேவுகன் வாசல்வாசலாக மட்டக்கோலை நிறுத்துகிறான்.
இங்கே ஒரு வீடு முன்தெருவில் தொடங்கினால்
பின்தெருவில்தான் முடிகிறது.
நாலு கட்டு. இரண்டு பூட்டு.
சாவி கோலாலம்பூரில்.

பழைய படத்தில் இந்த வாசலுக்கு ஏழு படி.
எண்ணினால் நாலு.
மிச்சத்தைத் தார் விழுங்கிவிட்டது,
தேர்தலுக்கு ஒரு பூச்சாக.
வாட்சப்பில் எழுதினேன்:
ஐயா, சாலையைச் சுரண்டி இரண்டடி இறக்கப் போகிறோம்,
உங்கள் மூன்று படியும் வெளியே வரும்.
நீல டிக் விழுந்தது.
அரை மணி கழித்து ஒரு வரி:
அதுக்கு யார் காசு?

சோதனைக் குழி வெட்டினோம்.
தார். அதன்கீழ் தார்.
அதன்கீழ் ஒன்றரை ஜல்லி, அதன்கீழும் தார்.
பிறகு துருவேறிய குடிநீர்க் குழாய்.
அதன் தோளில் சாய்ந்தபடி சாக்கடை.
குடிக்கிற தண்ணீரும் கழிக்கிற தண்ணீரும்
ஒரு சாண் இடைவெளியில்
மாமன் மச்சான் மாதிரி
இத்தனை வருடம் படுத்துக் கிடந்திருக்கின்றன.
சேவுகன் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தான்.
மூடியைத் திருகிப் பைக்குள் வைத்துவிட்டான்.

பின்தெருவில் பஞ்சவர்ணத்தின் மாவு மில்.
போன மழையில் மோட்டார் இரண்டு தடவை மூழ்கியது.
சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.
பக்கத்திலேயே தேதி, மணி.
ஒரு கோட்டுக்கு மேலே 'முழங்கால்',
ஒன்றுக்கு மேலே 'இடுப்பு'.
என் கணக்கில் வந்த உயரத்துக்கும் அவள் கரிக்கும்
இரண்டு விரற்கடை வித்தியாசம்.
தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும்.

"முன்தெருவுக்குத்தேன் பணம் வந்திருக்காமுல்ல?"
ஆமாம் என்றேன்.
"தண்ணிக்கு அது தெரியுமா?"
நோட்டில் எழுத வேறு ஏதாவது இருக்கிறதா என்று
பக்கத்தைப் புரட்டினேன்.

இரவு, தாளில் அம்புக்குறிகள் போட்டேன்.
ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஊருணியைப் பார்த்தன.
போகிற வழி வரத்துக்கால்.
புலப்படத்தில் இருக்கிறது, தரையில் காணோம்.

மறுநாள் அதைத் தேடி நடந்தோம்.
கோலைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னே,
கருவிக்குப் பின்னால் நான்.
கையை ஆட்டுகிறேன்:
இடது, இன்னும் இடது,
ஒரு எட்டு பின்னே,
நில்.

அவன் நின்ற இடம்
பேரூராட்சி அலுவலகத்தின் வரி வசூல் ஜன்னல்.
உள்ளே நேராக என் மேஜை.
மேஜைக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி.
ஊர் மழை மொத்தமும் போக வேண்டிய வழியில்
ஆறு வருடமாக உட்கார்ந்துகொண்டு
மனுக்களுக்கு முத்திரை குத்தியிருக்கிறேன்,
'வடிகால் அடைப்பு, ஆவன செய்யப்படும்.'

செயல் அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அம்பை லேசா வளைச்சிரலாமே? பென்சில்தானே."

பென்சில்தான்.
வளைத்துப் பார்த்தேன்.
வளைந்த முனையில் மாவு மில் வந்தது.
அழித்தேன்.
எதிர்ப்பக்கம் வளைத்தேன்.
பால்வாடி வந்தது.
அழித்தேன்.
ரப்பர் தூள் மேஜையிலிருந்து உதிர்ந்து
தரையில் மெல்ல ஊர்ந்து
ஊருணி இருக்கும் திசைக்குப் போனது.
மின்விசிறிக் காற்றாக இருக்கலாம்.

இனம் பதினேழு என்று எழுதினேன்:
பின்தெருவுக்கும் சேர்த்து மழைநீர்க் கால்வாய்.
இனம் பதினெட்டு:
கட்டடம் இடித்தல், அலுவலகச் சொந்தம்,
எண்ணிக்கை ஒன்று.
மேஜையை எங்கே போடுவது என்பதற்கு
விலைப்பட்டியலில் இனம் ஏதும் இல்லை.

செயல் அலுவலர் படித்தார்.
கையெழுத்துப் போடவில்லை.
கிழிக்கவும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே உச்சி வெயில்.
சேவுகன் கோலைச் செங்குத்தாகப் பிடித்தபடி
இன்னும் அங்கேயே நிற்கிறான்.
போதும் என்று சொல்ல
மறந்துவிட்டேன்.