பதினொரு பிராங் நாற்பது

பீல் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
சப்பாத்துக் கடைக்கும் சாவி வெட்டுகிறவனுக்கும் நடுவே
வெள்ளிதோறும் இரவு பத்துவரை விளக்கெரியும் கடை.
வாசலில், காலில் இடறுகிற மாதிரி
ஒரு வாழைப்பழப் பெட்டி:
எந்த அட்டையும் இருபது ராப்பன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலை முடிந்து
கையில் காரம் மணக்க
மூன்று மாலை அதன்முன் குந்தியிருந்தேன்.
நாற்பத்தெட்டு அட்டை பெட்டியிலிருந்து.
நாலு மட்டும் தலா நாற்பத்தைந்து,
வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து வாங்கியவை.
மிச்சம் எட்டும், பொட்டலம் உடைத்த பிள்ளைகள்
மேசையில் கைவிட்டவை.
ஒன்றில் சொக்லேட் விரல் அப்படியே இருக்கிறது.

எல்லோரிடமும் பொன்செதில் நாகம்.
ஒன்று தொண்ணூறு பிராங், நாலு வேண்டும்.
ரேட்டோவிடம், லோயிக்கிடம்,
நகம் கடித்தபடி ஆடும் ஃபபியெனிடம்.
மூன்றாம் முறை நாகம் எழும்.
நாலாம் முறை எதிராளி கைகுலுக்கி எழுவான்.

நான் நாகத்தைப் பார்க்கவில்லை.
அது என்ன தின்கிறது என்று பார்த்தேன்.
எழுவதற்குமுன் அதற்கு மூன்று புதையல் வேண்டும்,
ஒரே முறையில், ஒரே விழுங்காக.
உடம்புதான் மலை. தொண்டை ஊசிக்காது.

ஆகவே துருப்பிடித்த தாழ்ப்பாள், நாலு:
முறைக்கு ஒரு புதையல்தான் திறக்கும்.
ஆகவே சுங்கச்சாவடி. ஆகவே ஈரவிறகு.
படம்கூடச் சரியாக வரையாத அட்டைகள்.

அறையில் முந்நூற்றுநாலு ஆடுகிறவர்கள்
சீட்டைக் கீழே வைக்காமலே சிரித்தார்கள்:
'இது என்ன, குழந்தைப்பிள்ளை விளையாட்டு?'
அவர்கள் கவிழ்த்து வைத்திருந்ததும் துரும்பு.
காற்றடித்தால் பறப்பதும் துரும்பு.
சொல் ஒன்றுதான். நான் பேசாமல்
அட்டைகளுக்கு உறை போட்டேன்.

ரேட்டோ தாழ்ப்பாளை மூன்று தரம் வாசித்தான்.
நடுவரைக் கூப்பிட்டான். அவளும் வாசித்தாள்.
கையில் நாலு நாகத்தை விசிறிபோல் பிடித்துக்கொண்டு
ஒன்பது முறை காத்திருந்து தோற்றான்.
அவன் ஜெர்மனில் முணுமுணுத்தான்.
அடுத்த மேசையில் லோயிக், பிரெஞ்சில்.
இரண்டு மொழி ஊர் இது.
நான் வாயை மூடிக்கொண்டு தமிழில் சந்தோஷப்பட்டேன்.

ஃபபியென் மட்டும் கேட்டாள்: 'எவ்வளவு ஆச்சு?'
சொன்னேன்.
சிரிக்கத் தொடங்கியவள் நடுவில் நிறுத்திவிட்டாள்.

கடைசி ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தான் நத்னாயேல்.
பதினொரு வயது. கால் தரையைத் தொடவில்லை.
மூன்று நிறத்தில் உறைகள்.
எண்ணிப் பார்த்தால் அறுபத்தோரு அட்டை.
'ஒன்று கூட இருக்கே?'
'அந்த மீன் எனக்குப் பிடிக்கும்,' என்றான்.
விதியில் தடையில்லை.

தாழ்ப்பாள் போட்டேன்.
அவனிடம் புதையலே இல்லை.
சுங்கச்சாவடி போட்டேன்.
அவன் முறைக்கு ஒரு அட்டைதான் இறக்குவான்,
அதையும் நெடுநேரம் யோசித்து.
ஈரவிறகு போட்டேன். அவனிடம் நெருப்புமில்லை.
கதவே இல்லாத வீட்டைச் சுற்றிச் சுற்றி
பூட்டிக்கொண்டிருந்தேன்.

சேற்றுமீன். ஒரு கடிக்கு இரண்டு புள்ளி.
மறுபடி சேற்றுமீன்.
எனக்குப் பின்னால் கூடி நின்ற நாகக்காரர்கள்
அவனுக்குக் கைதட்டினார்கள், பாவிகள்.

இரண்டாம் பரிசு ஒரு பொட்டலம்.
உடைக்கவில்லை.
கடைக்காரியிடமே ஐந்து பிராங்குக்குக் கொடுத்தேன்.
இருபத்தைந்து அட்டை.
திரும்ப வந்து பெட்டிமுன் குந்தினேன்.

மீனுக்கு எது எதிரி? கொக்கு, வலை, கோடை.
விரல்கள் தேடிக்கொண்டிருக்க
அவன் வாசலில் நின்று அம்மாவிடம் சொல்வது கேட்டது,
பாதி எனக்குப் புரிந்த மொழியில்:
அடுத்த வாரம் பறவைகளாம்.

கடைக்காரி ஒவ்வொரு விளக்காக அணைத்து வந்தாள்.
என் தலைக்கு மேலிருந்ததைக்
கடைசிக்கு விட்டுவைத்தாள்.