எண்பத்தேழில் ஒன்று

ஆற்றுக்குத் தண்ணீர் வேண்டாம் என்பதால்
பாதிச் செலவு மிச்சம்.
கௌண்டன்யா மணலைச் சலித்துக்
கௌண்டன்யாவிலேயே கொட்டினேன்.
மலைக்கும் மரம் அதிகம் தேவைப்படவில்லை,
பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்
இரண்டு போதும்.

காட்பாடியில், மாடியறையில்,
நாலுக்கு எட்டு பிளைவுட் பலகைமேல்
எழுபத்தாறாம் வருஷத்துக் குடியாத்தம்.
ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவே கிடந்த தூரத்தை
முழங்கை நீளத்துக்குச் சுருக்கினேன்.
அந்த ஒரு பொய்தான் என்று
பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிவிடுவேன்.

தெருவில் பாவு நீட்டியிருக்கிறது,
கிழிந்த லுங்கியில் உருவிய நூல்.
பள்ளிக்கூட மணி, டார்ச்சில் கழன்ற திருகு.
ஆறாம் வகுப்பு ஜன்னலில் மட்டும்
கடுகளவு விளக்கு.

தண்டவாளத்துக்கு அடியில் கட்டைகள்:
தீக்குச்சி.
தலையைக் கிள்ளி, முப்பத்தோரு மில்லிக்கு நறுக்கி,
சாயத்தில் தோய்த்து ஒட்ட வேண்டும்.
இரவுக்கு நாற்பது முடிந்தால் அதிகம்.
முதுகு பிடித்துக்கொள்ளும்.

கண் ஆபரேஷனுக்கு வந்த ரஞ்சிதம் அக்கா
கறுப்புக் கண்ணாடியோடு மாடியேறினாள்.
பலகையைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.
கோபுரம், டாக்கீஸ், ரயில்வே கேட்,
டீக்கடை பெஞ்சில் எம்-சீல் மனிதர்கள்.
"கம்பெனி எங்கடா கீது?"

நான் ரயிலை ஓடவிட்டேன்.

இரண்டு சுற்று வந்து நின்றது.
"தீப்பெட்டிக் கம்பெனிடா."
இடமில்லை என்றேன்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் விரலை வைத்தாள்.
உள்ளங்கை அகலம் காலி.
அங்கே நான் ஆடு மேயவிட்டிருந்தேன்.

அப்புறம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்,
நறுக்கிய குச்சிகளைத் தன் பக்கம் ஒதுக்கினாள்.
கண்ணில் மருந்து விட்டிருந்தது, பார்த்தாளா தெரியாது.
விரல் மட்டும் போயிற்று.
வரிசைக்கு ஐம்பத்திரண்டு,
சட்டத்துக்கு ஐம்பது வரிசை,
சட்டத்துக்குப் பன்னெண்டு பைசா
என்று யாரிடமோ கணக்கு ஒப்பிக்கிற குரலில்.
கீழே குக்கர் மூன்றாம் விசில் அடிப்பதற்குள்
என் ஒரு வாரத்தை முடித்திருந்தாள்.
நான் மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்:
ஆறு ரூபாய் ஜியாமெட்ரி பாக்ஸ்,
ஐம்பது சட்டம்.

மூன்று தீப்பெட்டியை ஒட்டிக் கொட்டகை செய்தேன்.
ஜன்னல் கீற பிளேடை எடுத்ததும்
"காத்துல குச்சி பறக்கும்னு ஜன்னலே உடல" என்றாள்.
"வண்டிச் சத்தம் மட்டும் ஓட்டு வழியா வரும்.
அதுவும் காத்து இந்தப் பக்கம் அடிச்சாத்தான்.
பிருந்தாவன்னு பேரு மட்டும் தெரியும்.
இன்னா கலருன்னு தெரியாது."

பதின்மூன்று வயசு அக்கா
பதினாறு மில்லிமீட்டர்.
பிசைந்தெடுக்க இரண்டு ராத்திரி ஆனது.
கூட இன்னும் ஏழு பேர்,
முகம் தெரியாததால் எல்லோரும் குனிந்தபடி.
உள்ளே வைத்துக் கூரையை ஒட்டினேன்.
இனி யாரும் பார்க்க முடியாது.
ஆட்டை எடுத்து ஆற்றுமணலில் விட்டேன்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள்.
மருந்து, பஸ், மழை வராதது,
வைக்கப்போகும்போது:
"எத்தினி பேர வெச்ச?"
எட்டு.
"தில்ஷாத்த சேத்தா ஒம்பதுடா.
மூணு மாசந்தான் வந்தா. ஆனா வந்தா."

காட்பாடி ஜங்ஷன் பக்கம் ஏதோ வண்டி போக
பலகை லேசாக அதிர்ந்தது.
பசை இன்னும் காயவில்லை.
நகத்தால் கூரையை நெம்பினேன்.