கேட்டல், இருபது மதிப்பெண்

ஆனி மாசத்தில் இந்தத் தேர்வை வைத்தவருக்கு
வடக்கன்குளம் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாது.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நுழைந்த காற்று
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் தகரக்கூரையைத்
தட்டித் தட்டிப் பார்க்கிறது.
சன்னல் கொக்கிக்குச் சணல் கயிறு.
விடைத்தாளுக்கு ஆளுக்கொரு சரளைக்கல்.
கல் பொறுக்கி வரச் சொன்னது நான்தான்.
முப்பத்தாறு பேர்
கல்லைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கிறார்கள்,
எறியச் சொன்னால் எறிந்துவிடுவார்கள் போல.

பென் டிரைவுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்.
எச்சில் விழுங்காத குரல்.
யாரோ ஒரு மிஸ்டர் ஹாரிஸ்
ரயிலில் குடையை மறந்துவிட்டாராம்.
அவர் இறங்கிய நடைமேடை எது,
தர்ட்டீனா தர்ட்டியா?
பதின்மூன்றையும் முப்பதையும்
ஊரில் எவனும் குழப்பிக்கொண்டதில்லை,
சீட்டுப்பணத்தில்கூட.
இங்கோ கடைசியில் ஒரு 'ன்',
அதில் ஒரு மதிப்பெண்.
அந்த 'ன்' இந்நேரம்
காற்றாலைகளைத் தாண்டிக்
கடலுக்குப் போயிருக்கும்.

"இன்னொருக்க போடுங்க டீச்சர்," என்றான் அன்னராஜ்.
ஒருமுறைதான் ஒலிக்க வேண்டும்;
சுற்றறிக்கை, மூன்றாம் பத்தி.
"இந்தக் காத்துக்கு அவருக்குக் குடை நிக்கவா போவுது?"
பின்வரிசையில் யாரோ.
சிரிப்பில் நான்காம் கேள்வியும் போயிற்று.

ராத்திரி திருத்தினேன்.
ஆறு, ஏழு, ஐந்து, ஏழரை.
செல்வஜெனிலா, பத்தொன்பது.

பார்த்து எழுதினாளென்றால் யாரைப் பார்த்து?
நானே முப்பதென்றுதான் கேட்டிருந்தேன்.
விடைக்குறிப்பில் பதின்மூன்று.
அவளும் பதின்மூன்று.

வாசித்தல் தாளை எடுத்தேன். எட்டு.
வாக்கியங்களில் எங்குமே 'தி' இல்லை, 'எ' இல்லை.
தப்பு என்றால் இங்கொன்று அங்கொன்று இருக்கும்.
இது சீராக, மொத்தமாக,
முள் எடுத்த மீனைப்போல.
இல்லாத சொல்லை எப்படி அடிப்பது?
இரண்டு சொற்களுக்கு நடுவே வெறும் தாளில்
சிவப்பு வட்டம் போட்டேன்.
பதினொரு வட்டம்.
ஒன்றுக்குள்ளும் ஒன்றுமில்லை.

மறுநாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் கேட்டேன்.
பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
"அம்மைக்கு செட்டிகுளம் காலனில வேலை டீச்சர்,
அணு உலைக்கு வந்த ரஷ்யக்காரவிய வீட்டுல.
சனி ஞாயிறு நானும் போவேன்.
அவிய பேசுததுதான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு.
ஒருக்க சூப்பு கேட்டாவ, சோப்பு எடுத்துக் குடுத்துட்டேன்.
அதுல இருந்து வாயையே பாத்துக்கிட்டுக் கேப்பேன்."

"பென் டிரைவுக்கு வாய் ஏது?"

"கண்ண மூடிக்கிட்டேன்."

பிறகு, காற்றில் பறந்த முடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு,
"அந்தப் பொம்பளை பேசும்போது
எடைக்கெடை 'தி', 'தி'ன்னு ஒண்ணு வந்துச்சுல்லா,
அந்தம்மா அப்படிப் பேச மாட்டாவ.
நான் அதைக் காத்துன்னு விட்டுட்டேன் டீச்சர்."

சொல்ல வாயெடுத்தேன்.
மணி அடித்துவிட்டது.
அவள் ஓடிய பிறகு நினைத்துப் பார்த்தேன்,
என்ன சொல்லியிருப்பேன்?
'தி' என்றால் என்ன பொருள் என்று
இருபத்திரண்டு வருஷத்தில்
என்னிடம் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

மாலைக்குள் படிவம் அனுப்ப வேண்டும்.
கேட்டல் பத்தொன்பது. வாசித்தல் எட்டு.
வேறுபாடு ஐந்துக்கு மேலிருந்தால்
காரணத்தை ஒரே சொல்லில், ஆங்கிலத்தில் எழுதுக.
ரஷ்யா என்று எழுதலாம். சோப்பு என்று எழுதலாம்.
காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள்.
அலுவலக மேசையில் ஒரு சரளைக்கல்லை வைத்துப்
படிவத்தை அமர்த்திப் பிடித்து
'விண்ட்' என்று எழுதினேன்.

அதற்கு முன்னால் ஒரு 'தி' வேண்டுமோ?
பேனா அங்கேயே நின்றது.