பின் இருக்கை

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்ல வேண்டியவர்கள் பட்டியலும் நீளமில்லை.
பழைய வண்டி, சாம்பல் நிறம்,
இடப்பக்கக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது.
பதினோரு தவணை பாக்கி.
நாற்பத்து மூன்று வயதில் வாங்கிய உரிமம்
பையின் உள்ளறையில், பிளாஸ்டிக் வாசனை போகாமல்.

காரைக்குடியின் கடைசி டீக்கடை தாண்டியதும்
இரண்டாம் கியர் மூன்றுக்கு
முதல்முறையாக உதறாமல் மாறியது.
கைதட்ட ஆளில்லை.
நானே ஒரு ஹாரன் அடித்துக்கொண்டேன்.

குன்றக்குடியில் ஒரு மயில்
சாலை நடுவில் நின்று
முகவரி கேட்பதுபோல் பார்த்தது.
நிறுத்தினேன்.
அதற்கு அவசரமில்லை. எனக்கும்தான்.

சிராவயல் பொட்டல் பங்குனியில் வெறும் மண்.
தையில் இதில் பாய்ந்த வேகமெல்லாம்
எதற்குள் போய்ப் படுத்ததோ:
ஒற்றை ரப்பர் செருப்பு,
வேலிக்கருவையில் மாட்டிய துண்டு,
தொழுக் கம்பத்தில் முதுகு தேய்க்கும்
ஒரு வயசான பசு.

திருப்பத்தூரில் இட்லி.
"தனியாவா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம்.
"எங்க?"
மலைக்கு.
"வேண்டுதலா?"
இல்லை என்றதும்
என்னை எந்தக் கணக்கில் வைப்பதென்று தெரியாமல்
இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினார்.

சிங்கம்புணரிக்கு முன்பே பிரான்மலை தெரிந்தது.
சமவெளிக்காரர்களுக்கு மலை என்றால் இவ்வளவுதான்,
ஆனால் இவ்வளவும் மலை.
சாலை வளையும்போதெல்லாம்
வலப்பக்க ஜன்னலுக்குப் போகும்,
முன்னால் வந்து நிற்கும்,
புளியமரங்களுக்குப் பின்னால் மூச்சடக்கும்.
கொடி ஒன்று பற்றிக்கொள்ளத் தவித்ததென்று
தேரை விட்டுவிட்டு
நடந்து போனவன் மலை.
தவணை முடிந்த தேராக இருந்திருக்கும்.

அறுத்த வயல்களில் கிடை போட்ட புழுக்கை நாற்றம்
பாதி ஜன்னல் வழியே முழுதாக வந்தது.
அப்புறம் சாலையே ஆடுகளானது.
நானூறு இருக்கும்.
எஞ்சினை அணைத்தேன்.
இரு கதவுகளிலும் விலாக்கள் உரசின,
வண்டி லேசாக ஆடியது,
ஆற்றில் நிற்கும் கல் இப்படித்தான் நினைத்துக்கொள்ளும்,
தானே போவதாக.

கடைசியில் வந்தவர்
ஆட்டை ஓட்டவில்லை, தோளில் தூக்கியிருந்தார்.
இடுப்புத் துண்டில் இரண்டு ஈரத் தலைகள்.
"தாயி, இப்பத்தான் போட்டுச்சு. நடக்க மாட்டேங்குது.
கிடை கம்மாய்க்கு அங்கிட்டு. நாலு மைலு."
என் பேர் அடைக்கன் என்றார், நான் கேட்காமலே,
பேர் சொன்னால் கதவு திறக்கும் என்பதுபோல்.
திறந்தது.
மந்தையைப் பையன் பார்த்துக்கொள்வான் என்று
அவரும் ஏறிக்கொண்டார்.

"மெதுவா."
எனக்கு ஓட்டத் தெரிந்த ஒரே வேகம் அதுதான்.
மலை தெரிய வேண்டிய கண்ணாடியில்
ஓர் ஆட்டின் முகம்.
மஞ்சள் கண், குறுக்கே கீறிய கருவிழி.
என் ஓட்டத்தில் அதற்கு நம்பிக்கையில்லை.
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
குட்டிகளுக்கு ஏதோ சொன்னது.

கிடையில் இறக்கிவிட்டு
மடியிலிருந்து இருபது ரூபாய் எடுத்தார்.
"பெட்ரோலுக்கு."
வேண்டாம் என்று வாய் வந்தது.
கை நீட்டியிருந்த விதம் அதற்கு இடம் தரவில்லை.
வாங்கிக்கொண்டேன்.
தேர்க்காரன் வாங்கியிருக்க மாட்டான்.

அடிவாரம் சேர்ந்தபோது மணி பதினொன்று.
பாறையில் கால் வைக்க முடியாத வெயில்.
ஏறவில்லை.
நான்கு கதவையும் திறந்துவைத்து
பின் இருக்கையில் உட்கார்ந்தேன்.
என் வண்டியில் நான் உட்காராத ஒரே இடம்.
இன்னும் ஈரம், சீம்பால் கவிச்சி,
மூன்று புழுக்கைகள்.
துடைக்கத் துணி இருந்தது.
அங்கிருந்தே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்ப ரிவர்ஸ் எடுக்க
மூன்று தடவை ஆயிற்று.
ஒரு குரங்கு எண்ணிக்கொண்டிருந்தது.