ஆறு வரிப் பெட்டி

நாலாம் பக்கம், இடது ஓரம்,
ராசிபலனுக்கும் அணை நீர்மட்டத்துக்கும் நடுவே
'வரலாற்றில் இன்று'.
ஆறே வரி. ஏழாவது வந்தால்
கீழே ஓர் அணை விழுந்துவிடும்.

ஜூலை இருபத்துமூன்றை
நாலு வருடமாக நான்தான் அடுக்குகிறேன்.
சுயராஜ்யம் பிறப்புரிமை என்றவர் பிறந்தது, 1856.
நம் ஊர்த் தெருக்களில் சுதேசி முழங்கி
சிறையிலிருந்து தொழுநோயோடு வந்தவர் மறைந்தது, 1925.
எகிப்தில் படை எழுந்தது, 1952.
தமிழ் விஞ்ஞானி ஒருவர் பேரில்
'சந்திரா' விண்வெளித் தொலைநோக்கி கிளம்பியது, 1999.
இங்கே அப்போது காலை பத்து மணி.
ஆடி முதல் வெள்ளி.

அதே நாள் மத்தியானம்
கூலி கேட்டும் ஜெயிலில் கிடந்தவர்களைக் கேட்டும்
மலையிலிருந்து வந்த ஜனம்
கொக்கிரகுளத்தில், கலெக்டர் ஆபீசுக்கும் ஆற்றுக்கும் இடையே.
அதற்குக் கடைசி வரி.

முதல் வருடம் 'மூழ்கி இறந்தனர்' என்று போட்டேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த வருடம் 'பலி'.
கிடா வெட்டுகிற மாசத்தில்
அந்தச் சொல்லை அச்சில் பார்க்கக் கூசியது.
போன வருடம் 'தடியடியில்' என்று ஆரம்பித்தேன்.
ஜெபமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வரி நீளுதும்மா."
எழுத்தெண்ணிப் பார்த்தேன். நீளவில்லை.

நான் பிறந்ததும் அன்றைக்குத்தான்.
ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே ரூமுக்கு எதிர்நடை.
அம்மாவுக்கு அதைச் சொல்ல ஒரே விதம்தான் தெரியும்:
"ஒருத்தரும் என்னயப் பாக்கல.
ரத்னபாய் சிஸ்டர் வாசலுக்கும் உள்ளுக்குமா ஓடுதா.
ஈரத்தோட கொண்டாந்து கெடத்துதாவ.
தரையெல்லாம் ஆத்துத் தண்ணி.
நீ வந்து விழுந்தப்போ மணி பாக்க ஆளில்லட்டி."

சீட்டில் 'நேரம்' என்ற கட்டத்தில் ஒரு கோடு.
மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் அந்தக் கோட்டோடு திரும்பினார்கள்.
விருச்சிகமா தனுசா, லக்னம் பிடிபடாமல்
சங்கரன்கோவில் ஜோசியர் காசைத் திருப்பிக் கொடுத்தார்.
அதுவரை எந்த ஜோசியரும் செய்யாதது என்று
அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை.

சந்திரா இன்னும் மேலேதான் சுற்றுகிறதாம்.
கண்ணுக்குத் தெரியாத கதிரை அது பார்க்கும்,
எப்போதோ வெடித்த நட்சத்திரத்தின் மிச்சத்தை எல்லாம்.
ஏஜென்சிக் குறிப்பில் இருந்தது. இடமில்லாமல் வெட்டினேன்.

இந்த வருடம் ஜெபமணி சார் லீவு.
மகளுக்கு வளைகாப்பு, நாசரேத்.
ராத்திரி பத்தே முக்காலுக்கு எகிப்தை எடுத்தேன்.
அப்படியும் போதவில்லை.
'தடியடியில்' என்று தொடங்கி
பதினேழு பேர் என்று எழுதி
அடுத்த வரியில்
'ஒன்று, இடுப்பை விட்டு இறங்காத வயது' என்றும் எழுதிப்
பக்கத்தை அனுப்பிவிட்டு
கடைசி பஸ்ஸில் பாலத்தைத் தாண்டினேன்.
தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

காலையில் ஆபீஸ் போன்.
கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு சம்சாரி.
"பேப்பர்ல மணிமுத்தாறக் காணலியே."
ஆமாம், விழுந்தது அந்த அணைதான்,
அந்த மலைக்குக் கீழே இருப்பது.
"அறுபத்திமூணு அடி" என்றேன்.
"அறுபத்திமூணு" என்று சொல்லிச்சொல்லி எழுதினார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
ஆனால் போனை வைக்கவும் இல்லை, கொஞ்ச நேரம்.