ஆறாம் நாள்

கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கினேன்.
டார்ச் வெளிச்சத்தில் சிவந்த இரண்டு கோலிகள்,
மேலே தயிர்ப் பொட்டுகள்.
இருமல் இல்லை. மூக்கு ஒழுகவில்லை.
காய்ச்சல் முப்பத்தொன்பது.
தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது;
தொட்டதும் பெக்தெமிர் என் கையைத் தட்டிவிட்டான்.

மண்ணெண்ணெய் கொப்பளிக்க வைத்தாயா என்றேன்.
சாய்ராகுல் அடுப்பைப் பார்த்தாள்.
கூடாரம் முழுக்க அந்த வாசனை.

உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.
மாத்திரை பத்து நாள், ஒருநாள்கூடக் குறையாமல்.
நாலாம் நாளே துள்ளுவான், நம்பாதே.
கரையோரம் உருகிவிட்டால்
நாரின் ஆறு முழுக்க உருகிவிட்டதென்று
குதிரையை இறக்குவாயா?

ஆறாம் நாள் மறுபடி போனேன்.
பையன் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்
நறுக் நறுக்கென்று.
மாத்திரை அட்டை காலி.
"இவனுக்குத்தான் சரியாகிவிட்டதே" என்றாள்,
"ஆட்டுக்குட்டிக்கு மூச்சு இழுத்தது."

திட்ட வாயெடுத்தேன்.
குட்டி என் பூட்ஸ் நாடாவைச் சப்பியது.

தொண்டையில் கிடப்பது
மூட்டுக்கு இறங்கும்,
பிறகொரு நாள் இதயத்தின் கதவை அரிக்கும்
என்றேன்.
எத்தனையோ வீட்டில் சொன்னதுதான்.
அவள் தேநீர் ஊற்றினாள்.

ஸ்டெதஸ்கோப்பை அவள் காதில் மாட்டி
மறுமுனையை மகன் நெஞ்சில் வைத்தேன்.
வெகுநேரம் கழற்றவில்லை.
தேநீர் ஆறியது.
"இந்தக் கதவா?"
"இதுதான்."
"அடைக்கிறது, திறக்கிறது."
"ம்."

புது அட்டையை விரல்விட்டு எண்ணி வாங்கி
உத்தரத்தில், குட்டிக்கு எட்டாத உயரத்தில் செருகினாள்.

நான் குதிரையேறும்போது ஓடிவந்தாள்,
குட்டிக்குத் தனியாக ஏதாவது உண்டா என்று.