கிழவிக்குப் பல் போடு

வில்யாண்டி மழலைப்பள்ளிக் கூட்டத்தில்
நானும் கை தூக்கினேன்.
சதுப்புக் கிழவி இனிமேல்
பிள்ளைகளை விழுங்க மாட்டாள்.
ஒன்பது பேர் சரி என்றோம், இரண்டு பேர் இல்லை.
குறிப்பேட்டில் ஏறிவிட்டது.
"ராத்திரியில் அலறுகிறான்" என்றிருந்த தாவி
மூச்சு விட்டான்.

அன்றிரவு கெர்த்துவுக்குப்
புதுக் கிழவியைச் சொன்னேன்.
வழி தவறிய பையனுக்கு
பீட்ரூட் சூப் ஊற்றினாள்,
கம்பளிக் காலுறை மாட்டிவிட்டாள்,
அவ்வளவுதான், தூங்கு.

"அப்புறம் ஏன் ஓடினான்?"

ஓடவில்லையே.

"ஓடினான். ஒரு பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது.
இன்னொன்றோடு நொண்டி நொண்டி
வீடு வந்தான். நீதான் சொன்னாய்."

சொன்னேன்தான்,
ஐவார் ஹெல்சின்கிக்குக் கப்பலேறிய
ஞாயிற்றுக்கிழமை.
கட்டட வேலை, வெள்ளி வந்துவிடுவேன் என்றான்.
எத்தனை வெள்ளி.
அதற்கும் இதமாக ஒரு கதை
வைத்திருக்கிறேன்.
அதை இன்னொரு முறை சொல் என்று
அவள் கேட்டதே இல்லை.

போர்வையை உதைத்து எழுந்தாள்.
கட்டிலடியில் துழாவி
தன் இடதுகால் பூட்ஸை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.
"கிழவிக்குப் பல் போடு."

போட்டேன்.
மேலே நான்கு, கீழே மூன்று,
ஒன்று துருப்பிடித்தது.
வாசலில் எலும்பு வேலி.
எனக்கே முதுகு சில்லிட்டது.

பையன் பாதிச் சதுப்பைக் கடக்கும் முன்பே
பூட்ஸை அணைத்தபடி தூங்கிப் போனாள்.

விளக்கை அணைக்க முடியவில்லை.
அவன் இன்னும் சேற்றில் நின்றான்.
வீடு சேர்க்கும் வரை
சொல்லிக்கொண்டே இருந்தேன்,
கேட்க யாரும் இல்லாமல்.